உப்புத் தண்ணீரில் நெல்: நல்ல தண்ணீரை எந்த நாட்களுக்குச் சேர்த்து வைப்பது?

எங்கள் வீடு பாலவாக்கத்தில், கடலிலிருந்து நடந்தால் 10 நிமிடம். போர் தண்ணீர் மார்கழியில் டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 1,100 காட்டும், சித்திரையில் 1,900க்குப் போய்விடும். இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டுதான் மொட்டை மாடியில் 5 தொட்டிகளில் நெல் வளர்க்கிறேன்.

முதல் தடவை தையில் விதைத்து மாசியில் நட்டேன். பயிர் பச்சையாகத்தான் நின்றது, பங்குனி கடைசியில் கதிரும் வந்தது. ஆனால் கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்தால் முக்கால்வாசி சாவி, உள்ளே அரிசியே இல்லாத பதர். பொன்னேரியில் நெல் விளைவித்த குடும்பம் என் மாமியாருடையது. அத்தை வந்து கதிரைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "தொண்டைக் கதிர் வர்றப்ப என்ன தண்ணி விட்டே?" கதிர் வெளியே வருமுன் தண்டுக்குள் புடைத்து நிற்கும் நாட்களைத்தான் அப்படிச் சொல்கிறார். போர் தண்ணீர் என்றேன். "அப்பத்தாம்மா அது வாய் தொறந்து கேக்கும். அப்ப உப்பு விட்டா எப்படிப் பால் புடிக்கும்?"

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அதுதான். நெல் தன் வாழ்நாள் முழுக்க உப்புக்கு ஒரே மாதிரி பயப்படுவதில்லை. முளைக்கும்போது ஓரளவு தாங்கும், தூர் கட்டும்போது, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் வெடிக்கும்போது, நன்றாகவே தாங்கும். தாங்காத காலம் இரண்டு. நாற்று இரண்டு மூன்று இலை விட்ட நாளிலிருந்து நட்டு வேர் பிடிக்கும் வரை ஒன்று. கதிர் உள்ளே உருவாகத் தொடங்கியதிலிருந்து பூ முடியும் வரை இன்னொன்று. நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அந்த இரண்டு காலத்துக்கும் எடுத்து வையுங்கள்.

முதலில் அளக்க வேண்டும். வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டரும் இருக்கும், அது போதும். மண் பரிசோதனை அறிக்கையில் உப்பின் அளவு மின்கடத்துதிறனாக, டெசி சைமன் அலகில் வரும். 1 டெசி சைமன் என்பது ஏறத்தாழ 640 டி.டி.எஸ். மண்ணில் 3 டெசி சைமன் வரை நெல் பொறுக்கும், அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் சுமார் 12 சதவீதம் குறையும் என்பது வேளாண்மையில் பரவலாகப் பயன்படும் கணக்கு. தொட்டி மண்ணைப் பார்க்க நான் செய்வது: ஒரு டம்ளர் காய்ந்த மண், 5 டம்ளர் ஆர்.ஓ. தண்ணீர், நன்றாகக் கலக்கி ஒரு மணி நேரம் தெளிய விட்டு, மேல் தண்ணீரில் மீட்டரை வைப்பது. இவ்வளவு தண்ணீர் கலந்திருப்பதால் எண் குறைவாகத்தான் காட்டும், அதனால் 400ஐத் தாண்டினாலே மண்ணைக் கழுவிவிடுகிறேன்.

தொட்டியில் உப்பு எப்படி ஏறுகிறது என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன், அன்றிலிருந்து பழக்கமே மாறிவிட்டது. இரண்டடி அகலத் தொட்டி வெயில் நாளில் 2 லிட்டர் தண்ணீர் குடிக்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 1,500 டி.டி.எஸ். என்றால் லிட்டருக்கு ஒன்றரை கிராம். ஒரு நாளைக்கு 3 கிராம், மாதத்துக்கு 90 கிராம். ஒரு கைப்பிடி உப்பை நாமே அந்த மண்ணில் கொட்டுகிறோம். வெளியே போக வழி வேண்டும். நெல்லுக்குத் தண்ணீர் தேங்க வேண்டும் என்று பலரும் ஓட்டையே இல்லாத தொட்டி வாங்குகிறார்கள். ஓட்டை இருக்கட்டும், அதில் ஒரு குழாயைப் பொருத்தி மூடி வையுங்கள். உள்ளே குழாய் வாயில் செங்கல் துண்டும் கொசுவலைத் துணியும் போட்டால் மண் அடைக்காது.

கழுவுவது எளிது. மண் ஓர் அடி ஆழம் என்றால் ஓர் அடித் தண்ணீர் அதன் வழியே இறங்கி வெளியேற வேண்டும். அதிலேயே ஏறக்குறைய 80 சதவீத உப்பு போய்விடும். ஒரே மூச்சில் ஊற்றாமல், நிரப்பி ஒரு ராத்திரி ஊற விட்டுக் காலையில் குழாயைத் திறங்கள். அடுத்த நாளும் அப்படியே. மழை பெய்யும்போது குழாயைத் திறந்து விட்டாலே பாதி வேலை முடிந்தது.

"உப்பு மண்ணா, ஜிப்சம் போடு" என்று எல்லோரும் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். வெள்ளையாக உப்புப் பூத்து, கார அமிலத்தன்மை (pH) 8.5க்குக் கீழே இருந்தால் அது உவர் மண். அதற்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும்தான். 8.5க்கு மேலே போய், தண்ணீர் இறங்காமல் மண் இறுகிக் கிடந்தால் அது களர். ஜிப்சம் அதற்கு. வெறும் உவர் மண்ணில் ஜிப்சம் போட்டால் இன்னொரு உப்பைச் சேர்த்தது போல்தான் ஆகும்.

விதையில் நான் நம்புவது குழியடிச்சான். உப்பையும் வறட்சியையும் தாங்கும் நாட்டு ரகம், என் தொட்டியில் 120 நாளில் அறுப்புக்கு வருகிறது. களர்பாளையும் உண்டு. களர் நிலம் வைத்திருப்பவர்களுக்குத் திருச்சி 1, திருச்சி 3 என்ற ரகங்கள் இருக்கின்றன. கேரளத்துப் பொக்காளியை எல்லோரும் புகழ்வார்கள், புகழ வேண்டியதுதான். உப்பிலுள்ள சோடியத்தை இலைக்கு அதிகம் போக விடாமல் பார்த்துக்கொள்ளும் நெல் அது. அந்தப் பொக்காளியைக்கூட அவர்கள் உப்பு நீரில் விதைப்பதில்லை. வயலில் மண்மேடு கூட்டி, பருவமழை உப்பைக் கழுவிய பிறகுதான் மேட்டின் மேல் விதைக்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில், கடற்கழியில் வளரும் வெண்கண்டல் மரத்தின் மரபணுவை நெல்லில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஆராய்ச்சி நடக்கட்டும். நம் கையில் இருப்பது பட்டம், அதாவது எப்போது விதைப்பது என்பது.

சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. அதனால் செப்டம்பர் 15 வாக்கில் விதைக்கிறேன். அக்டோபர் நடுவில் நடவு, நவம்பர் நடுவில் கதிர் உருவாகும், டிசம்பர் நடுவில் பூ, பொங்கலுக்கு அறுப்பு. பயப்பட வேண்டிய இரண்டு காலமும் பெரும்பாலும் மழைக்குள் வந்துவிடுகின்றன. தையில் விதைத்த முதல் பயிருக்கு இதுதான் நேர்மாறாக நடந்தது.

நாற்றங்காலுக்கு மட்டும் மழையை நம்ப முடியாது. அதற்கு ஏ.சி. தண்ணீர். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஒரு ராத்திரியில் வாளி பாதிக்கு மேல் நிறையும். என் மீட்டரில் 20கூடக் காட்டாது. ஆர்.ஓ. கழிவு நீரைத் தொடவே வேண்டாம், போர் தண்ணீரின் உப்பெல்லாம் சேர்ந்து வருவது அதில்தான். வாஷிங் மெஷின் தண்ணீரும் வேண்டாம், சோப்பில் சோடியம் உண்டு. சாதாரணமாக 21 நாள் நாற்றை நடுவார்கள். உப்பு மண்ணுக்கு 30 நாள் நாற்று நல்லது. முற்றிய நாற்றுக்கு அடியை வாங்கும் திராணி உண்டு. குத்துக்கு, அதாவது நடும் ஒவ்வோர் இடத்திலும், ஒன்று இரண்டாக வைக்காமல் 3, 4 வையுங்கள், நெருக்கியும் நடுங்கள். உப்பு மண்ணில் தூர் குறைவாகத்தான் வெடிக்கும்.

இனி நல்ல தண்ணீர்க் கணக்கு. 5 தொட்டிக்கு நாளைக்கு 10 லிட்டர். நட்ட பிறகு 15 நாளுக்கு 150 லிட்டர். கதிர் உருவாவதிலிருந்து பூ முடிய 40 நாளுக்கு 400. ஆக 550. 200 லிட்டர் நீல டிரம் மூன்று போதும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். 2003லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், குழாய் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. அந்தக் குழாயை டிரம்முக்குத் திருப்பினால் போதும். முதல் மழையை மட்டும் வெளியே விடுங்கள், மாடித் தூசு எல்லாம் அதில் வரும்.

கதிர் உருவாகும் நாளை எப்படித் தெரிந்துகொள்வது? விதைத்த 55ஆம் நாளிலிருந்து, நாலு நாளைக்கு ஒரு தடவை, நடுத் தூர் ஒன்றை அடியோடு எடுத்து பிளேடால் நெடுக்கே பிளந்து பாருங்கள். அடிக்கணுவுக்கு மேலே பஞ்சு போல வெள்ளையாக, கடுகளவில் ஒன்று தெரியும். அதுதான் கதிர். அன்றைக்கே டிரம்மைத் திறந்துவிடுங்கள். ஒரு தூர் வீணாகிறதே என்று தயங்க வேண்டாம்.

மற்ற நாட்களுக்குப் போர் தண்ணீர் போதும், ஆனால் மண் காயக் கூடாது. காய்ந்தால் உப்பு செறிந்து வேரைச் சுடும். இரண்டு அங்குலம் எப்போதும் நிற்கட்டும். 10 நாளுக்கு ஒரு முறை நிற்கும் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். நிரப்புவது அதே போர் தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை, தொட்டியில் சுண்டிப்போனதைவிட அது உப்புக் குறைவுதான்.

உரத்தில் இரண்டு விஷயம். சாம்பல் சத்துக்கு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் போடாதீர்கள், அதில் குளோரைடு இருக்கிறது. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். யூரியாவைப் பிரித்துப் பிரித்துக் கொஞ்சமாகக் கொடுங்கள். இலை நுனி வெளுத்துக் காய்ந்தால் பெரும்பாலும் உப்பு. கீழ் இலைகளில் துருப் போலப் பழுப்புப் புள்ளி வந்தால் துத்தநாகப் பற்றாக்குறை, அதற்குத் துத்தநாக சல்பேட்.

போன பொங்கலுக்கு 5 தொட்டியிலும் சேர்த்து அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் நெல் வந்தது. அத்தை ஒரு கதிரை உருவி, ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். "நெறஞ்சிருக்கு" என்றார்.

அறுத்த பிறகு தொட்டியை வெறுமனே வெயிலில் விடாதீர்கள், கீழே இருக்கும் உப்பெல்லாம் மேலே ஏறிவிடும். வைக்கோலைப் பரப்பி மூடி வையுங்கள். ஜூலையில் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூ வரும் முன் பிடுங்கித் துண்டு துண்டாக நறுக்கி அதே மண்ணில் மிதித்துவிடுங்கள். செப்டம்பர் விதைப்புக்குள் மட்கிவிடாது, ஆனால் அக்டோபரில் நாற்று வருவதற்குள் மட்கியிருக்கும்.