பொட்டலத்தைப் பிடுங்கினால் வேலை முடிந்ததா?

குற்றக் கும்பல்கள் சிறுவர்களைப் பயன்படுத்துவதை எப்படிக் கண்டுகொள்வது, கண்டபின் என்ன செய்வது என்று ஆசிரியர்களுக்குப் போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு பட்டறை நடத்தினேன். மதியச் சாப்பாட்டின்போது ஓர் இளம் கட்டொழுங்கு ஆசிரியர் பெருமையோடு சொன்னார்: "ஒரு மாணவன் பையில் இருந்த போதைப்பொருள் பொட்டலத்தைப் பிடுங்கிக் கழிவறையில் கொட்டிவிட்டேன், ஐயா. பையன் அழுதே விட்டான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காலத்தில் நானும் அதையேதான் செய்தேன்.

பிள்ளையை அடிக்காதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவருக்கு இந்த வேலை எதற்கு? தெரிந்தவர்களும் செய்யும் தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

பிடுங்கிவிட்டு வீட்டுக்கு அனுப்புவது

என்னிடம் சிக்கியவன் இரண்டாம் படிவ மாணவன். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். பொட்டலத்தைப் பறித்தேன், அம்மாவை வரவழைத்தேன், அவர் தலைமேல் கைவைத்து அவனைச் சத்தியம் செய்யவைத்தேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட மிதப்பில் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பொட்டலம் அவனுடையதல்ல என்பது எனக்கு உறைக்கவில்லை. காலணி, கைப்பேசி, ராத்திரி ரொட்டி சானாய் என்று எல்லாவற்றையும் கும்பலின் 'அண்ணன்' சும்மாதான் கொடுத்திருந்தார். சரக்கு தொலைந்த அன்றுதான் கணக்கு நோட்டு திறந்தது. கடனை அடைக்க அவன் இரண்டு மடங்கு சுமந்தான். அதுவும் போதாமல் அக்காளின் வங்கி அட்டையைக் கேட்டார்கள். மோசடிப் பணம் புழங்கும் 'கழுதைக் கணக்கு' அவள் பெயரில் உருவானது. போலீஸ் வந்து நின்றது அவள் வாசலில்.

தங்கள் ஆட்களையே ஏவிச் சிறுவனிடம் கொள்ளையடித்து, அவன் தலையில் கடனைக் கட்டுவது கும்பல்களின் பழைய தந்திரம். கைப்பேசி வழியே ஆர்டர் எடுத்துச் சிறுவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பும் பிரிட்டன் கும்பல்களும் இதைத்தான் செய்கின்றன. அதற்கு அவர்கள் ஆள் அனுப்ப வேண்டும். நானோ காசு வாங்காமல் செய்துகொடுத்தேன். இன்றும் நினைத்தால் எரிகிறது.

பொட்டலத்தைப் பார்த்ததும் "யார் கொடுத்தது?" என்று குடையாதீர்கள். "இது போனால் நீ யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? எப்போதைக்குள்?" என்று கேளுங்கள். அவன் சொல்வதை அவன் வார்த்தையிலேயே, நேரத்தோடு எழுதிவையுங்கள். அன்றிரவு அவன் எங்கே படுப்பான் என்பது முடிவாகும்வரை அனுப்பாதீர்கள். சமூக நல இலாகாவை அழையுங்கள். 'தாலியான் காசே' (Talian Kasih) உதவித் தொலைபேசி எண் 15999 இரவிலும் எடுக்கும். சரக்கை ஒளிக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். போலீசிடம்தான் போக வேண்டும். ஆனால் சரக்கு மட்டும் போகக்கூடாது. அவனுக்கு வந்த மிரட்டலும் அதே புகாரில் ஏற வேண்டும்.

"அவனே விரும்பித்தானே போனான்"

மலேசியாவின் 2007ஆம் ஆண்டு ஆள்கடத்தல் எதிர்ப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சிறார். 'சுரண்டல்' என்பதற்கு அது தரும் விளக்கத்தில் சட்டவிரோதச் செயல்களும் அடங்கும். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்று கடத்தியவர் தப்பிக்க முடியாது. இருந்தும் பையன்மீதான போதைப்பொருள் வழக்கை இது தானாகத் துடைத்துவிடாது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டம், 45ஆம் பிரிவில், சுரண்டப்பட்டதால் குற்றம் செய்தவருக்குப் பல குற்றங்களில் ஒரு தற்காப்பைத் தருகிறது. இங்கே முதல் புகாரில் நீங்கள் எழுதும் நாலு வரிக்குத்தான் அந்தக் கனம்.

வாடிய முகத்தையே தேடுவது

புதுக் காலணி போட்டவன் சிரித்துக்கொண்டுதான் இருப்பான். பெண் பிள்ளைகளையும் பாருங்கள். பொட்டலத்தை வீட்டில் வைத்திருக்கச் சொல்வது பெரும்பாலும் அவர்களிடம்தான் என்பது என் அனுபவம்.

பள்ளியிலிருந்து இடைநீக்கம்

கும்பலுக்கு முழுநேர ஆள் கிடைத்தான்.

ஒருநாள் பட்டறை, ஒரு சான்றிதழ்

நான் நடத்துவதும் அதுதான், மறுக்கவில்லை. அன்று அந்த இளம் ஆசிரியரிடம், "எந்தக் கிழமை பிடுங்கினீர்கள், தம்பி?" என்று கேட்டேன்.

"செவ்வாய்."

அன்று வியாழன். பிற்பகல் அமர்வை ரத்துசெய்துவிட்டு, பையனின் வீட்டு எண்ணை எடுக்கச் சொன்னேன்.