பேக்கப் சர்வர்: டிஸ்க் சேர்க்கும்போது செய்யக் கூடாதவை

ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, ஒன்று செத்தாலும் தரவைக் காப்பது) வேறு, பேக்கப் வேறு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுவோம். என்னைப் போன்ற பழைய ஆட்கள் செய்த பிழைகளையே புதிதாக வருபவர்களும் செய்கிறார்கள். அதில் ஒன்றைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வருகிறது.

இசட்எஃப்எஸ்ஸில் ‘ஆட்’ கொடுப்பது

இசட்எஃப்எஸ் என்பது பல டிஸ்க்குகளை ‘பூல்’ என்ற ஒரே சேமிப்பிடமாக ஆளும் கோப்பு முறைமை. மூன்று டிஸ்க்கில் ரெய்டு-இசட் (ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும் அமைப்பு) போட்ட பூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் தீர்ந்ததும் நாலாவது டிஸ்க்கை வாங்கி ‘இசட்பூல் ஆட்’ என்று கட்டளை கொடுக்கிறார்கள். பூலின் அமைப்போடு இது பொருந்தவில்லை என்று அது மறுக்கிறது. கூடவே, வேண்டுமானால் ‘எஃப்’ போட்டுக் கட்டாயப்படுத்தலாம் என்றும் சொல்கிறது. உடனே போட்டுவிடுகிறார்கள்! இடமும் கூடிவிடுகிறது.

ஆனால் புது டிஸ்க் பழைய மூன்றோடு சேரவில்லை, தனி விடெவ்வாக (பூலின் தனி அங்கமாக) நிற்கிறது. அது ஒன்று செத்தால், மற்ற மூன்றும் நன்றாக இருந்தும் மொத்த பூலும் போய்விடும். ரெய்டு-இசட் இருக்கும் பூலிலிருந்து அதைக் கழற்றவும் வழியில்லை. நண்பர் ஒருவர் இப்படிச் செய்துவிட்டு, இரவல் டிஸ்க்குகளில் எல்லாவற்றையும் நகலெடுத்து, பூலை அழித்து மறுபடி கட்டினார். எச்சரிக்கையைப் படித்தீர்களா என்று கேட்டேன். படித்தாராம்.

உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால், தனியாக நிற்கும் டிஸ்க்கோடு இன்னொன்றை ‘அட்டாச்’ செய்து மிரராக்குங்கள் (இரண்டிலும் ஒரே தரவு இருக்கும்). உயிருக்கு ஆபத்தாவது நீங்கும்.

ஓபன்இசட்எஃப்எஸ் 2.3 முதல் ரெய்டு-இசட்டையே ‘அட்டாச்’ கொண்டு ஒவ்வொரு டிஸ்க்காக அகலப்படுத்தலாம். ‘ஆட்’ கொடுக்கும் முன் ‘இசட்பூல் செக்பாயின்ட்’ எடுத்துவிடுங்கள் (அது இருக்கும்வரை ‘அட்டாச்’ நடக்காது). தவறினால் பூலை அந்த நிலைக்கே திருப்பலாம். ‘ஆட்’ கட்டளையோடு ‘என்’ சேர்த்தால் எதையும் மாற்றாமல், அமைப்பு எப்படி வரும் என்று மட்டும் காட்டும். வீட்டுக்கு என்றால் நான் மிரர் ஜோடிகளைத்தான் சொல்வேன். பாதி இடம் போகும், சரி, ஆனால் இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டே போகலாம்.

எஸ்எம்ஆர் டிஸ்க்

இந்த வகை ஹார்ட் டிஸ்க்கில் தரவு எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால், ஒன்றைத் திருத்த பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். செத்த டிஸ்க்குக்குப் பதிலாக இதைப் போட்டால் ரீசில்வர் (புது டிஸ்க்கில் தரவை மீண்டும் நிரப்புவது) நாள்கணக்கில் இழுக்கலாம். வாங்கும் முன் தயாரிப்பாளரின் விவரத்தாளில் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று இருக்கிறதா பாருங்கள்.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் ரெய்டு 5, 6

இது லினக்ஸில் உள்ள இன்னொரு கோப்பு முறைமை; அதில் இந்த ரெய்டு வகைகள் வேண்டாம். அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

டீடூப்

ஒரே தரவு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் சேமிக்கும் இசட்எஃப்எஸ் வசதி இது. ரேமைத் தின்னும். தொடாதீர்கள்.

எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களில் பூல் கட்டுவது

லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வரிசையாகத் தரும் இந்தப் பெயர்கள் அடுத்த பூட்டில் மாறலாம். டிஸ்க்குக்கே உரிய ‘பை-ஐடி’ பெயரைக் கொடுங்கள்.

எல்லோருக்கும் இசட்எஃப்எஸ்தான் என்பது

ஒரே டிஸ்க், அதில் ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் மென்பொருள் என்றால் லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 போதும். எக்ஸ்ட்4 கோப்புகளின் தரவுக்குச் செக்சம் (தரவு கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வைக்காது, ஆனால் இந்த இரண்டும் தாங்களே சரிபார்க்கும். அப்புறம், அவற்றின் ‘செக்’ கட்டளை தானாக முழுச் சரிபார்ப்பையும் செய்துவிடாது. ரெஸ்டிக்கில் ‘ரீட்-டேட்டா’, போர்க்கில் ‘வெரிஃபை-டேட்டா’ என்று சேர்த்து அவ்வப்போது ஓட்டுங்கள்.