கேரியரைக் கூட்டாமல் சிக்னலிங் சேனலைப் பகிர்வது எப்படி?

"பேச ஒரு சேனல் கொடு" என்று செயற்கைக்கோள் தொலைபேசிக் கருவிகள் (டெர்மினல்கள்) எல்லாம் தரைநிலையமான கேட்வேயைக் கேட்கும் பொதுப்பாதைதான் சிக்னலிங் சேனல். அங்கே நெரிசல் வந்ததும் இன்னொரு கேரியர் (அலைவரிசை) போடுவது செலவு பிடித்த வழி. வீணாகும் நேரத்தை முதலில் மீட்டெடுங்கள்.

பெரிய வீண், ஸ்லாட்டுகளுக்கு (கோரிக்கை அனுப்பப் பிரித்த நேரத் துண்டுகளுக்கு) நடுவே விடும் காப்பு இடைவெளி. 83° கிழக்கில் ஜிசாட்-6 போன்ற செயற்கைக்கோளை வைத்துக் கணக்கிடுவோம். வேலூரிலிருந்து தூரம் சுமார் 35,990 கி.மீ., ஸ்ரீநகரிலிருந்து சுமார் 37,120. ஒருவழி வித்தியாசம் 3.75 மில்லி நொடி. டெர்மினல் கீழே வரும் சிக்னலை வைத்துத்தான் நேரம் பிடிக்கிறது. அதனால் மேலே சேரும்போது வித்தியாசம் இரட்டித்து 7.5 ஆகிவிடும். பல பீம்களும் (செயற்கைக்கோள் தனித்தனியாகச் சேவை தரும் பகுதிகள்) ஒரே சேனலைப் பகிர்ந்தால் அவ்வளவும் காலியாக விட வேண்டும். ஒரு பர்ஸ்ட் (ஒரே மூச்சில் அனுப்பும் சிக்னல்) 20 மில்லி நொடி என்றால் நொடிக்கு 36 ஸ்லாட்தான் தேறும். ஜிபிஎஸ் இடத்தை வைத்து டெர்மினலே முன்கூட்டி அனுப்பும்படி செய்யுங்கள், காப்பு 0.5 போதும், 48 ஸ்லாட் கிடைக்கும்.

அடுத்தது சுமை. ஸ்லாட்டட் அலோஹாவின் (யாரும் எந்த ஸ்லாட்டிலும் அனுப்பலாம், மோதினால் மீண்டும் அனுப்பும் முறை) உச்சம் 36.8% ஸ்லாட் என்று பாடத்தில் படித்திருப்போம். அந்த உச்சத்தில் ஓட்டாதீர்கள். கொஞ்சம் கூடினாலும் மோதல் மறுமுயற்சியைப் பெருக்க, மறுமுயற்சி மோதலைப் பெருக்கும். ஸ்லாட்டுக்குச் சராசரி 0.2 முயற்சி என நிறுத்தினால் 82% முதல் தடவையிலேயே சேரும். 48 ஸ்லாட்டில் நொடிக்கு ஏறக்குறைய 8 கோரிக்கை.

மறுமுயற்சியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கேட்வேக்குப் போய்ப் பதில் திரும்பவே 480 மில்லி நொடி ஆகும். அதற்குள் மறுபடி அனுப்பினால், சேர்ந்துவிட்ட கோரிக்கையும் இரண்டாகும். குறைந்தது 600 காத்திருந்து, அதன்மேல் தற்செயல் இடைவெளி சேர்த்து, ஒவ்வொரு தோல்விக்கும் அந்த இடைவெளியின் வரம்பை இரட்டியுங்கள்.

2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தது போன்ற ஒரு நாளில் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா எல்லாம் ஒரே பீமுக்குள் ஒரே நேரத்தில் கேட்கும். அப்போது இந்தக் காத்திருப்பு (பேக்ஆஃப்) மட்டும் தாங்காது. ஜிஎஸ்எம் வழி வந்த அமைப்புகளில் சிம்முக்கு 0 முதல் 9 வரை அணுகல் வகுப்பு உண்டு. இரண்டிரண்டாகத் திறந்து சுழற்றுங்கள். அவசர சேவைகளுக்கான 14-ம் வகுப்பை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

அழைப்பு வருகிறது என டெர்மினலுக்குச் சொல்லும் பேஜிங்கைக் கடைசியாகப் பதிவான பீமில் மட்டும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால்தான் பக்கத்து பீம்.

ஜவ்வாது மலைப் பள்ளங்களிலும் இந்தச் செயற்கைக்கோள் 74° உயரத்தில், தெற்கே சற்றுக் கிழக்காகத் தெரியும். மலை மறைப்பது அரிது. மரக்கிளையும் கூரையும்தான் மறைக்கும். அங்கிருந்து தோல்விகள் குவிந்தால் சேனலைக் குறை சொல்லும் முன் ஆன்டெனாவை வெட்டவெளிக்கு நகர்த்திப் பாருங்கள்.