‘எங்க வீட்ல அப்படி யாரும் கெடையாது’

மும்பை தாராவியில் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தையும் அவர்கள் பெற்றோரின் மனநல வரலாற்றையும் ஆய்வு செய்யப் புதிதாக வருபவர்களின் படிவங்களைப் புரட்டினால், அந்தக் காலத்தில் நான் செய்த அதே கூத்துகள்தான். கையெழுத்து விட்டுப்போவது மாதிரி சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

“மனநோய் உண்டா?” என்று கேட்பது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். பெற்றோரின் மனநல வரலாற்றுக்கு எங்கள் படிவத்தில் இந்த ஒரே கேள்வி, இரண்டு கட்டம். 90 அடிச் சாலைக்குப் பின்னால், இட்லி விற்றுத் திரும்பிய ஓர் அக்காவிடம் கேட்டேன். மாமியார் பக்கத்திலேயே இருந்தார். “எங்க வீட்ல அப்படி யாரும் கெடையாது தம்பி.” ‘இல்லை’யில் டிக் அடித்தேன். வாசல்வரை வந்தவர் மெதுவாகச் சொன்னார்: “இவன் பொறந்தப்ப மூணு மாசம் தூக்கமே இல்ல, பிள்ளையத் தூக்கவே மனசு வரல. ஊருக்குக் கூட்டிட்டுப் போயி மந்திரிச்சாங்க.” அப்பா? “அவருக்கென்ன, குடிப்பாரு.”

அப்புறம் நாற்பது வீடுகளுக்கு மறுபடி நடந்தேன். குடும்பத்தாரிடம் கேட்டு எடுக்கும் வரலாற்றில் ‘ஆம்’ பெரும்பாலும் சரியாக இருக்கும், பல்லிளிப்பது ‘இல்லை’தான். பாதிக்கப்பட்டவர்கள் ‘இல்லை’ப் பக்கம் போய்ச் சேர்ந்தால் ‘ஆம்’ வீட்டுப் பிள்ளைகளுக்கும் ‘இல்லை’ வீட்டுப் பிள்ளைகளுக்கும் உள்ள வித்தியாசமே மங்கிவிடும்.

நோயின் பெயரைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். வாரக்கணக்கில் வேலைக்குப் போகாமல் முடங்கினாரா? தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை சாப்பிட்டாரா? கோயிலிலோ தர்காவிலோ தங்க வைத்தார்களா? குடியால் வேலை போனதா? அப்போது பிள்ளைக்கு என்ன வயது? மாமியார் இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

பி.எச்.க்யூ-9ஐ வரலாறு என்று எழுதுவது

அது மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியல், கேட்பது கடந்த 2 வாரத்தை மட்டும். இன்று 27க்கு 3 வாங்கும் அம்மா, ஐந்து வருடத்துக்கு முன் படுத்த படுக்கையாகக் கிடந்திருக்கலாம்.

‘தெரியாது’வை 0, அதாவது ‘இல்லை’, ஆக்குவது

செய்யாதீர்கள்.

எல்லாவற்றையும் அம்மாவிடமே கேட்பது

அப்பா ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார். போய்ப் பாருங்கள். பிள்ளையின் மனநிலையைப் பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். அம்மா சோர்ந்திருக்கும் நாளில் பிள்ளையின் சிக்கலும் அவருக்குக் கூடுதலாகத் தெரியும்.

பிள்ளை எதிரில் கேட்பது

கூடாது.

வெறுங்கையோடு போவது

“இவ்வளவு கேக்கீங்களே, யார்ட்ட காட்டணும்?” என்று அந்த அக்கா கேட்டார். நான் விழித்தேன். பக்கத்தில் சயான் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 2022இல் அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவி, டெலி மானஸ், வந்துவிட்டது, எண் 14416, தமிழிலும் பேசலாம். சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.