தற்கொலை முயற்சிக்குப் பிறகு: குடும்பத்தார் செய்யும் தவறுகள்

பிழைத்து வீட்டுக்கு வந்ததும் 'கண்டம் தாண்டியாச்சு' என்று எல்லாரும் மூச்சு விடுகிறார்கள். ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள்தான் ஆபத்து மிகுந்தவை.

தவறு ஆஸ்பத்திரி வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து, 'தெரியாம குடிச்சிட்டா' என்று டாக்டரிடம் சொல்வார்கள். உடலுக்கு வைத்தியம் நடக்கும்; மனநல டாக்டர் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயற்சி செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது; தண்டிக்கச் சொல்லவில்லை. வாக்குமூலம் கேட்டு யாராவது வரலாம்; அதற்காகப் பொய் சொல்லத் தேவையில்லை.

பூச்சிமருந்தைப் பரணில் ஏற்றிவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சாக நினைக்கும் அந்த வேகம் பல நேரங்களில் சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அதற்குள் கைக்கு எட்டக் கூடாது, அவ்வளவுதான். வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். காட்டுமன்னார்கோவில் பக்கம் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு பொதுக் கிடங்கில் பூட்டுப்பெட்டி வைத்துக் கொடுத்தது இதற்காகத்தான். மாத்திரைகளை ஒருவர் பொறுப்பில் வைத்து வேளைக்கு வேளை கொடுங்கள். மாதக் கணக்கில் வாங்காமல் வாரத்துக்கு மட்டும் எழுதித் தரக் கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே 2 முதல் 4 வாரம் ஆகும். பத்து நாளில் 'கேட்கலை' என்று நிறுத்துவதும், தேறியதும் தாமாகவே நிறுத்துவதும் ஒரே அளவு தப்பு. கோயிலுக்குப் போகலாம், மாத்திரையை விடாமல். கல்யாணம் வைத்தியம் அல்ல.

பேச்சில் மோசமானது, தலையிலடித்துச் சத்தியம் வாங்குவது. அடுத்த முறை அந்த எண்ணம் வந்தால், சத்தியத்தை மீறிய குற்றவுணர்வில் அதை மறைத்துவிடுவார். கேட்டால் நாமே நினைவுபடுத்தியதாகிவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்பதால் எண்ணம் விதைபடாது. 'சாகணும்னு இப்பவும் தோணுதா?' என்று நேராகக் கேளுங்கள். 'ஆமா' என்றால் புத்திமதி சொல்லாதீர்கள், தனியே விடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 'யார்கிட்டயும் சொல்லாதே' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரு மாதத்தில் விசாரிப்பு நின்றுபோவது இன்னொரு தவறு. சென்னை உட்பட ஐந்து ஊர்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், பிழைத்தவர்களில் ஒரு குழுவை 18 மாதங்களில் 9 முறை தொடர்புகொண்டார்கள். அந்தக் குழுவில் தற்கொலைச் சாவுகள் குறைந்தன. அந்தக் கணக்கையே காலண்டரில் குறித்துக்கொள்ளலாம்: 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18-ஆம் மாதங்கள்.