பாமினி கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒருவர், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய தன் கட்டுரைகளை, தமிழ் எழுத்துகளுக்குத் தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றி அனுப்பியிருந்தார். முதல் பக்கத்திலேயே காற்புள்ளியெல்லாம் 'இ' ஆகி, 'பெயர்இ ஊர்இ தொழில்' என்று இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. அவரை நினைத்து அல்ல. இதே 'இ'க்களை மூன்று இரவு உட்கார்ந்து கையால் திருத்தியவன் நான். கோப்பின் பின்னொட்டை மாற்றினால் கோப்பே மாறிவிடாது என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், விட்டுவிடுகிறேன்.

## நோட்பேடில் ஒட்டுவது

பாமினியில் தட்டிய வேர்டு கோப்பில் உண்மையில் தமிழே கிடையாது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டிக் காட்டுகிறது. சிறிய 'எஃப்' இருந்தால் 'க' தெரியும். காற்புள்ளி இருந்தால் 'இ', அரைப்புள்ளி இருந்தால் மெய்யெழுத்தின் புள்ளி. எது தமிழ், எது நிஜமான ஆங்கிலம் என்று சொல்லும் ஒரே தடயம் எழுத்துருவின் பெயர். நகலெடுத்து நோட்பேடில் ஒட்டியதும் அது போய்விடும். அப்புறம் மாற்றித்தரும் மென்பொருளின் கண்ணுக்கு எல்லாமே பாமினிதான்.

நான் இதைச் செய்தது ஓர் ஆய்வேட்டில். தமிழ்ப் பகுதி அழகாக வந்தது. பத்துப் பக்கம் புரட்டிவிட்டு, சரி, முடிந்தது என்று கொடுத்துவிட்டேன். பின்னால் இருந்த ஆங்கில நூற்பட்டியலைத் திறக்கவே இல்லை. அங்கே 'டேட்டா' என்ற ஆங்கிலச் சொல் 'னயவய' ஆகியிருந்தது. 'ஆஃப்' வந்த இடமெல்லாம் 'ழக'. அட்டவணையில் 1,250 என்பது '1இ250'.

அதோடு நிறுத்தினேனா? காற்புள்ளிகளை மீட்கிறேன் பேர்வழி என்று எல்லா 'இ'யையும் ஒரே சொடுக்கில் மாற்றினேன். 'இந்த' என்பது ',ந்த' ஆனது, 'இவர்' ',வர்' ஆனார். அளபெடையை விட்டால் உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும் என்று பள்ளியில் படித்தது அப்போது நினைவுக்கு வரவில்லை. 'இ'யையும் அடுத்துள்ள இடைவெளியையும் சேர்த்துத் தேடியிருந்தாலே பெரும்பாலான காற்புள்ளிகள் தனியாகச் சிக்கியிருக்கும்.

இப்போது வேர்டை விட்டு வெளியே வருவதில்லை. மேம்பட்ட தேடலில் சொல்லைக் காலியாக விட்டு, எழுத்துரு பாமினி என்று மட்டும் கொடுப்பேன். பாமினித் துண்டுகள் மட்டும் தேர்வாகும். அவற்றைத்தான் மாற்ற வேண்டும். நீண்ட கோப்பு என்றால் எழுத்துருவைப் பார்த்துத் தானாகவே மாற்றும் மேக்ரோ, அதாவது வேர்டுக்குள் ஓடும் சிறு நிரல்.

## அடிக்குறிப்பு

வேர்டு கோப்பை முழுக்கத் தேர்ந்தெடுத்தாலும் அடிக்குறிப்பு அந்தத் தேர்வில் சேராது. தனியாகத் திறந்து மாற்றுங்கள்.

## ஆன்சியில் சேமிப்பது

யூனிகோடு ஆக்கியதை வெறும் உரைக்கோப்பாகச் சேமிக்கும்போது, குறியாக்கம் (எழுத்தைக் கோப்பில் எழுதிவைக்கும் முறை) என்ற இடத்தில் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். ஆன்சி என்ற பழைய குறியாக்கத்தில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. திறக்கும்போது கிறுக்கலாகத் தெரிந்தால் பயமில்லை. சேமிக்காமல் மூடிவிட்டு, சரியான குறியாக்கத்தில் மறுபடி திறந்தால் பெரும்பாலும் எழுத்து வந்துவிடும். ஆனால் ஆன்சியில் வரிசையாகக் கேள்விக்குறிகளாகச் சேமித்துவிட்டால் எழுத்தே அங்கே இல்லை, எந்த மென்பொருளும் மீட்காது.

## பிடிஎஃப்பிலிருந்து எடுப்பது

வேறு வழியே இல்லாதபோது மட்டும். 'கொடு' பல நேரம் 'ெகாடு' என்று வரும்.

## மூலக் கோப்பின் மேலேயே சேமிப்பது

அந்த மூன்று இரவு இதனால்தான்.