ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டும் முன்: இலவசமா, கட்டணமா என்று நீங்களே சோதித்து முடிவெடுக்கும் முறை

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, ஆன் பண்ணினா ஆகிவரவே கால் மணி நேரம் ஆகுது. நல்ல ஆன்டிவைரஸா வாங்கிப் போடுங்கன்னு கடையில சொல்றாங்க. எது நல்லதுன்னு பாத்துச் சொல்லேன்" என்றார்.

திறந்து பார்த்தால் உள்ளே ஏற்கெனவே மூன்று இருந்தன. லேப்டாப்போடு வந்த ட்ரையல் ஒன்று, காலாவதியாகியும் போகாமல் கிடந்தது. பேரன் இறக்கிய இலவசப் பதிப்பு ஒன்று. முன்பு பழுது பார்த்த இடத்தில் போட்டுக் கொடுத்தது ஒன்று. ஒவ்வொரு ஃபைலையும் திறக்கும்போது இரண்டு காவலாளிகள் ஆளுக்கொரு முறை சோதித்தால் வேகம் எங்கிருந்து வரும்? மூன்றையும் நீக்கிவிட்டு, விண்டோஸோடு வரும் பாதுகாப்பை ஒழுங்காக இயக்கி வைத்தேன். அன்று அவருக்குச் செய்து காட்டியதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனு பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு லேசாக மாறலாம்.

படி 1: இப்போது யார் காவலில் இருக்கிறார்கள்?

ஸ்டார்ட் மெனுவில் "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று தேடித் திறங்கள். இடது மூலையில் கீழே உள்ள "செட்டிங்ஸ்", அதில் "மேனேஜ் ப்ரொவைடர்ஸ்". உங்கள் கணினியில் பதிந்திருக்கும் ஆன்டிவைரஸ்கள் அங்கே வரிசையாகத் தெரியும். எது ஆன், எது ஆஃப் என்றும் பக்கத்திலேயே இருக்கும்.

நீங்கள் எதையுமே போடவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆன் என்று காட்டும். இது தனியாக வாங்குவதோ இறக்குவதோ அல்ல. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் இது விண்டோஸுக்குள்ளேயே முழு ஆன்டிவைரஸாக வருகிறது. வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸைப் போட்டால் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அதை நீக்கினால் தானாகத் திரும்பி வரும். ஆகவே "பணம் கட்டாவிட்டால் கணினிக்குப் பாதுகாப்பே இல்லை" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

படி 2: தேவையில்லாததை நீக்குங்கள்

செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ். காலாவதியான ட்ரையலையும், ஒன்றுக்கு மேல் இருப்பதையும் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். சில ஆன்டிவைரஸ்கள் எச்சங்களை விட்டுப் போகும். அப்படியானால் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே தனி நீக்கும் கருவி கிடைக்கும். முடிந்ததும் படி 1க்குத் திரும்பி, ஒன்று மட்டுமே ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: இலவசமாக இருப்பதை முழுதாக இயக்குங்கள்

இலவசத்தையும் கட்டணத்தையும் ஒப்பிடும் பலர், டிஃபெண்டரைப் பாதி உறக்கத்தில் வைத்துக்கொண்டே ஒப்பிடுகிறார்கள். அது நியாயமான ஒப்பீடு இல்லை. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் இவற்றைப் பாருங்கள்.

"வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்" பகுதியில் "மேனேஜ் செட்டிங்ஸ்" என்பதை அழுத்துங்கள். ரியல்டைம் (ஃபைல் திறக்கும் போதே சோதிப்பது), கிளவுட், டேம்பர் ப்ரொடெக்ஷன் மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். கிளவுட் முக்கியம். டிஃபெண்டர் இணையத்தில் இணைந்திருக்கும்போதுதான் தன் முழுத் திறனைக் காட்டும். இணையம் இல்லாதபோது கண்டுபிடிக்கும் அளவு குறையும். டேம்பர் என்பது, உள்ளே வந்த கெட்ட நிரல் ஒன்று டிஃபெண்டரையே அணைத்துவிடாமல் தடுப்பது.

அடுத்து "ஆப் அண்ட் பிரௌசர் கண்ட்ரோல்". அதில் "ரெபுடேஷன் பேஸ்டு ப்ரொடெக்ஷன்" செட்டிங்ஸுக்குள் போய், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் பகுதியை ஆன் செய்யுங்கள். இலவச வீடியோ கன்வெர்ட்டர் இறக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறதே டூல்பார், அதைப் பிடிப்பது இதுதான்.

கடைசியாக "ரேன்சம்வேர் ப்ரொடெக்ஷன்". ரேன்சம்வேர் என்பது உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் கெட்ட நிரல். இதில் உள்ள "கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்" இயல்பாக ஆஃபில்தான் இருக்கும், பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆன் செய்தால், அறிமுகமில்லாத எந்த நிரலும் உங்கள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது. ஒரு சிரமம் உண்டு. பழைய கணக்கு சாஃப்ட்வேரோ தட்டச்சு மென்பொருளோ "சேவ் செய்ய முடியவில்லை" என்று திணறலாம். அதே பக்கத்தில் உள்ள "அலவ் ஆன் ஆப்" வழியாக அதற்கு மட்டும் அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும். இந்தச் சிரமம் தாங்கத்தக்கதே. ரேன்சம்வேர் பூட்டிய குடும்பப் படங்களுக்காக ஒருவர் அழுததை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

படி 4: விழித்திருக்கிறதா என்று சோதியுங்கள்

உண்மையான வைரஸை வைத்துச் சோதிக்கக் கூடாது. அதற்கென்றே எய்கார் என்ற ஐரோப்பிய அமைப்பு ஒரு சோதனை ஃபைலை உருவாக்கியிருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் போலவே பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்களுடைய தளத்திலிருந்து அந்த வரியை நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டி சேவ் செய்யுங்கள். உடனே எச்சரிக்கை வந்தால் காவலாளி விழித்திருக்கிறார். எவ்வளவு கெட்டிக்காரர் என்பது இதில் தெரியாது, அதற்கு அடுத்த படி.

படி 5: விளம்பரத்தை விட்டு, சோதனைக்கூட முடிவைப் படியுங்கள்

"நம்பர் ஒன்" என்று ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிட்டிருக்கும். ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் உள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இரண்டும் இதற்கென்றே இயங்கும் சோதனைக்கூடங்கள். முடிவுகளை இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை மூன்றுக்கும் தலா 6 என்று 18க்கு மதிப்பெண் போடுகிறது. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பழைய, 4 ஜிபி ரேம் கணினி என்றால் வேகத்தின் மதிப்பெண்ணைத் தனியாகப் பாருங்கள். பயன்பாட்டு எளிமை என்பது நல்ல ஃபைலை வைரஸ் என்று தவறாகப் பிடிக்காமல் இருப்பது. இந்தப் பொய் அலாரம் அடிக்கடி வந்தால் வீட்டில் உள்ளவர்கள் எரிச்சலில் ஆன்டிவைரஸையே அணைத்துவிடுவார்கள்.

பட்டியலில் டிஃபெண்டரும் கட்டண ஆன்டிவைரஸ்களும் அருகருகே இருக்கும். பாதுகாப்பு மதிப்பெண்ணில் டிஃபெண்டர் எவ்வளவு நெருக்கமாக நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். ஒரே ஒரு மாத முடிவை நம்பாமல், ஒரு வருட முடிவுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

படி 6: கட்டணத்தில் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது?

வைரஸைப் பிடிக்கும் வேலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் பணம் எதற்குப் போகிறது? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரே சந்தாவில் ஐந்து கருவிகள், ஆண்ட்ராய்டு போன்கள் உட்பட. பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு. இணையத் தொடர்பை மறைத்து அனுப்பும் விபிஎன். பாஸ்வேர்டு மேனேஜர். பிரச்சினை வந்தால் போனில் பேச ஆள். எந்த பிரௌசரில் போனாலும் போலி வங்கித் தளங்களைத் தடுப்பது.

கடைசியாகச் சொன்னதற்கு மதிப்பு உண்டு. மைக்ரோசாஃப்டின் ஸ்மார்ட்ஸ்கிரீன் முக்கியமாக எட்ஜ் பிரௌசரில்தான் தளங்களைச் சோதிக்கிறது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஆபத்தான தளங்களைக் குறித்து வைக்கும் கூகுளின் சேஃப் பிரௌசிங் பட்டியலைப் பயன்படுத்துகின்றன. இதற்கு மேல் ஒரு வலை வேண்டும் என்று நினைத்தால் கட்டணத்தை யோசிக்கலாம்.

என் கணக்கு இது: வீட்டில் ஒரே கணினி, அப்டேட்டுகள் ஒழுங்காக ஏறுகின்றன, கிராக் சாஃப்ட்வேர் போடுவதில்லை என்றால் டிஃபெண்டர் போதும். பிரிண்ட் கடைக்கும் கல்லூரிக்கும் பென் டிரைவ் போய் வருகிறது, இணையம் அடிக்கடி இருப்பதில்லை, அல்லது ஆளுக்கொரு கருவி வைத்திருக்கும் வீட்டில் ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்றால் கட்டணத்தில் அர்த்தம் உண்டு. நம் பக்கம் வாங்க வெளிநாட்டுப் பெயர்கள் மட்டுமே இல்லை. 1991இல் தொடங்கிய கே7 சென்னையில் இருக்கிறது, க்விக் ஹீல் புனேவில்.

தனியாக இறக்கும் இலவச ஆன்டிவைரஸ்களிடம் கொஞ்சம் கவனம் வேண்டும். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், பயனர்கள் எந்தத் தளங்களைப் பார்க்கிறார்கள் என்ற தகவலை விற்றதாக, இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்து, 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. ஆகவே இன்ஸ்டால் செய்யும்போது தகவல் பகிர்வு பற்றிய டிக் குறிகளைப் படித்து எடுத்துவிடுங்கள். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு வேறு வகை. தொடர்ந்து காவல் காக்காது, நீங்கள் அழைக்கும்போது மட்டும் ஸ்கேன் செய்யும். சந்தேகம் வந்தால் இரண்டாவது கருத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 7: இரண்டாம் ஆண்டின் விலையைப் பாருங்கள்

தள்ளுபடி பெரும்பாலும் முதல் ஆண்டுக்குத்தான். புதுப்பிக்கும் விலை சிறிய எழுத்தில் இருக்கும், அது பல மடங்காகவும் இருக்கலாம். ஒப்பிடும்போது இரண்டு ஆண்டுத் தொகையைக் கூட்டி, கருவிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பணம் கட்டிய அன்றே கணக்கில் நுழைந்து ஆட்டோ ரினீவலை அணைத்துவிட்டு, முடியும் தேதியை போன் காலண்டரில் போடுங்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. "உங்கள் ஆன்டிவைரஸ் சந்தா புதுப்பிக்கப்பட்டது, ரத்து செய்ய இந்த எண்ணை அழையுங்கள்" என்று மெயில் வந்தால் அழைக்காதீர்கள். எடுப்பவர் உங்கள் கணினியை ரிமோட்டில் வாங்கிக்கொண்டு வங்கிக் கணக்கைக் காலி செய்வார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். திரை மூலையில் "5 வைரஸ்கள் உள்ளன" என்று அடிக்கடி குதிப்பதும் பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்கு நீங்கள் தெரியாமல் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி. குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். டீச்சரின் லேப்டாப்பில் குதித்து அவரைப் பயமுறுத்தியதும் இதுவே.

படி 8: அப்டேட்டும் பேக்கப்பும்

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகம் முழுதும் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்கள் ஆன்டிவைரஸ் வாங்குவதற்கு முன், 11க்கு மாற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்கு செட்டிங்ஸில் உள்ள விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்யும் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு, சந்தாவுக்கு ஒதுக்கிய பணம் கையில் இருந்தால், ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். படங்களையும் பத்திரங்களின் ஸ்கேனையும் மாதம் ஒரு முறை அதில் நகலெடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். கழற்றாமல் விட்டால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். நகலெடுத்ததும் வேறொரு கணினியில் சொருகி, நான்கைந்து படங்களைத் திறந்து பாருங்கள். டீச்சர் தன் கணவரின் பழைய படங்களை அப்படித்தான் என் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு எடுத்துப் போனார்.